100 மீட்டருக்குள் ஒரு வீடு: வில்லங்கச் சான்றில் தெரியாத தடை

காஞ்சிபுரம், தஞ்சாவூர், மாமல்லபுரம் போன்ற ஊர்களில் பழைய வீடு வாங்குகிறவர்கள் சிலருக்கு இப்படி நடக்கிறது. முப்பது வருட வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கும். பட்டா பெயர் மாறியிருக்கும். வங்கி கடனும் கொடுத்திருக்கும். மேஸ்திரி வந்து ஓட்டைப் பிரித்து, வாணம் தோண்டத் தொடங்கிய சில நாட்களில் தொல்லியல் துறையிலிருந்து வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வரும். பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லையே, இந்தத் தடை எங்கிருந்து முளைத்தது என்று குடும்பமே திகைத்து நிற்கும்.

பதில் சுருக்கமானது. வில்லங்கச் சான்று, அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம், தானம் போன்றவற்றைத்தான் காட்டும். பாரம்பரியச் சின்னத்தால் வரும் தடை பதிவாளர் அலுவலகத்தில் பதிவாவதில்லை. பக்கத்தில் எந்தச் சின்னம் இருக்கிறது, எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்பதை வைத்து அது தானாகவே நிலத்தின் மேல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

எந்தச் சின்னம், யார் பாதுகாப்பில்?

முதலில் இதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன.

1. மத்திய அரசுப் பாதுகாப்பு. 1958-ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச்சின்னங்கள் சட்டத்தின்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என அறிவிக்கப்பட்டவை. நாடு முழுக்கச் சுமார் 3,700. தமிழ்நாட்டில் மட்டும் 400-க்கு மேல். இவற்றைப் பார்த்துக்கொள்வது இந்தியத் தொல்லியல் துறை, பேச்சுவழக்கில் ஏ.எஸ்.ஐ.

2. மாநில அரசுப் பாதுகாப்பு. இதற்கு 1966-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. மதுரை திருமலை நாயக்கர் அரண்மனை இந்த வகை.

3. நகரமைப்பு விதிகள். தொல்லியல் சட்டத்துக்கு வெளியே, கட்டட விதிகள் வழியாக வருபவை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது என்ற அரசாணை இதற்கு உதாரணம்.

இங்கே பலரும் தடுமாறுகிறார்கள். பெரிய கோயில், பேர்பெற்ற கோயில் என்றால் ஏ.எஸ்.ஐ. சின்னமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். மீனாட்சியம்மன் கோயில் ஏ.எஸ்.ஐ. பட்டியலில் இல்லை. ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் நிற்கும் ஒரு கல்லறை அந்தப் பட்டியலில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹூ யேலின் சிறுவயது மகன் டேவிட்டும், ஜோசப் ஹின்மர் என்பவரும் அடங்கிய இடம் அது. தினமும் அந்த வழியாகப் போகிற வழக்கறிஞர்களிலேயே பலர் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். ஆனால் அதைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிய கட்டடம் எழுப்ப முடியாது. அங்கே பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் கட்ட நினைத்தபோது இந்த விதி குறுக்கே வந்தது. விவகாரம் வழக்காகி, 2023-இல் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி கல்லறையை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி உத்தரவிட்டார். நீதிமன்ற வளாகத்துக்கே இந்த நிலை என்றால், பக்கத்துத் தெருவில் 800 சதுர அடி மனை வாங்குகிறவர் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும்!

அதனால் சின்னத்தின் அளவையோ புகழையோ வைத்து முடிவுசெய்யக் கூடாது. வயலில் கிடக்கும் ஒரு பாறைக்கும் பாதுகாப்பு இருக்கலாம்.

கோடு எங்கே தொடங்குகிறது?

ஏ.எஸ்.ஐ. சின்னம் என்றால் இரண்டு வளையங்கள். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் முதல் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. ஆக மொத்தம் 300 மீட்டர். இவை குறைந்தபட்ச அளவுகள். அரசு நினைத்தால் குறிப்பிட்ட சின்னத்துக்கு இன்னும் கூட்டலாம்.

அளவை கோபுரத்திலிருந்தோ கருவறையிலிருந்தோ தொடங்குவதில்லை. பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட நிலத்தின் எல்லைதான் கணக்கு. கோயிலோடு திருக்குளமும் நந்தவனமும் அறிவிக்கையில் சேர்ந்திருந்தால், குளத்தின் வெளிக்கரையிலிருந்து 100 மீட்டர். "கோயில் அந்தக் கோடியில் இருக்குதுங்க, இது ரொம்பத் தூரம்" என்று புரோக்கர் சொல்வதை நம்பி ஏமாறுவது இந்த இடத்தில்தான். தூரம் நேர்கோட்டில் அளக்கப்படும். தெரு எப்படிச் சுற்றிப் போகிறது என்பது பொருட்டல்ல.

1992 ஜூன் 16: ஏன் இந்தத் தேதி?

இந்த விஷயத்தில் அடிக்கடி காதில் விழும் தேதி இது. அன்றுதான் 100, 200 மீட்டர் வளையங்கள் அறிவிக்கையாக வெளிவந்தன. அன்றைக்கு முன்பே இருந்த கட்டடங்களுக்கு ஒரு நிலை, அப்புறம் வந்தவற்றுக்கு வேறு நிலை.

ஆனால் 1992-க்குப் பிறகும் தடைப் பகுதியில் கட்டடங்கள் எழுந்தன. ஏ.எஸ்.ஐ. ஒரு நிபுணர் குழுவை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விண்ணப்பமாகப் பார்த்து விலக்கு கொடுத்துவந்தது. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம், அப்படிக் குழு வைத்து விலக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்லிவிட்டது. ஏற்கெனவே அனுமதி வாங்கிக் கட்டியவர்கள் கதி என்ன என்ற கேள்வி எழுந்தது. 2010-இல் சட்டம் திருத்தப்பட்டது: பழைய அனுமதிகள் காப்பாற்றப்பட்டன, அதற்கு ஈடாக, இனிமேல் 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்கு யாரும் அனுமதி தரமுடியாதபடி கதவு சாத்தப்பட்டது. மீதி அனுமதிகளைப் பரிசீலிக்க தேசிய நினைவுச்சின்ன ஆணையம் என்ற அமைப்பு வந்தது.

"பக்கத்து வீட்டுக்காரர் கட்டியிருக்காரே" என்ற வாதம் எடுபடாததற்குக் காரணம் இதுதான். அவர் 1992-க்கு முன் கட்டியிருக்கலாம், இடைக்காலத்தில் விலக்கு வாங்கியிருக்கலாம், அல்லது அனுமதியே இல்லாமல் கட்டியிருக்கலாம். எதுவானாலும் அது உங்களுக்கு உரிமை ஆகாது.

சட்டம் பிரிக்கும் மூன்று வேலைகள்

எல்லாச் சிக்கலும் இங்கேதான். வீட்டில் நாம் "கொஞ்சம் வேலை பாக்கணும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதைச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது.

1. கட்டுமானம்: புதிதாக எழுப்புவது. இருக்கும் வீட்டின் மேல் மாடி எடுப்பதும், பக்கவாட்டில் ஓர் அறை சேர்ப்பதும் இதில்தான் வரும்.

2. மறுகட்டுமானம்: இடித்துவிட்டு, அதே நீள அகலத்தில், அதே உயரத்தில் திரும்பக் கட்டுவது.

3. பழுதுபார்ப்பும் புதுப்பிப்பும்: இருக்கும் கட்டடத்தில் செய்யும் மாற்றங்கள். மேலே சொன்ன இரண்டும் இதில் சேராது.

தடைசெய்யப்பட்ட 100 மீட்டருக்குள் மூன்றாவது மட்டும்தான், அதுவும் அனுமதியோடு. அந்தக் கட்டடம் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்திருக்கவேண்டும், அல்லது பிற்பாடு முறையான அனுமதியோடு கட்டப்பட்டிருக்கவேண்டும். அடுத்த 200 மீட்டரில் மூன்றும் முடியும். மூன்றுக்கும் அனுமதி வேண்டும்.

ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயில் ஏ.எஸ்.ஐ. சின்னம். அதன் எல்லையிலிருந்து 80 மீட்டரில் ஒரு நாட்டு ஓட்டு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தெருவைப் பார்த்த திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், பின்னால் அடுக்களையும் கிணறும். சுவர் மண்ணும் செங்கலும் கலந்தது. முற்றத்தைச் சுற்றி நாலு மரத் தூண். ஓடு சரிந்த இடத்தில் கைமரம் நனைந்து கறுத்திருக்கிறது. விரலால் அழுத்தினால் உதிர்கிறது.

கைமரத்தை மாற்றி, ஓட்டைப் பிரித்து மேய்வது பழுதுபார்ப்பு. அனுமதி கேட்கலாம். தரை மாற்றுவது, சுவர்ப் பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவது, மின் ஒயரிங் மாற்றுவது எல்லாம் அதே வகை. மேலே ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுவது நடக்காது. வீட்டை இடித்து அதே அளவில் கான்கிரீட்டில் கட்டுவதும் நடக்காது. கொல்லையில் புதிதாகக் கழிப்பறை? பொதுக் கழிப்பறைக்கும் வடிகாலுக்கும் சட்டத்தில் விலக்கு உண்டு. தனி வீட்டுக் கொல்லையில் புதிதாக எழுப்பும் கழிப்பறைக்கு அந்த விலக்கு நேராகப் பொருந்தாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று சொல்லவேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே ஓர் அறையைக் கழிப்பறையாக மாற்றுவதாக வரைபடம் போட்டு, புதுப்பிப்பாகக் கேட்பதுதான் வழி.

இதைவிடக் கடுமையான இடம் ஒன்று இருக்கிறது. ஐப்பசி மழையில் அந்த மண் சுவர் சரிந்து, கூரை மொத்தமாக உள்ளே விழுந்துவிட்டால் என்ன ஆகும்? சரிந்து நிற்கும் சுவரை நிமிர்த்துவது பழுதுபார்ப்பு. விழுந்த வீட்டைத் திரும்ப எழுப்புவது மறுகட்டுமானம். முதலாவதுக்கு அனுமதி உண்டு, இரண்டாவதுக்கு இல்லை. ஒரே வீடு, ஒரே குடும்பம். இடையில் ஒரு ராத்திரி மழை. அதனால்தான் தடைப் பகுதியில் வீடு வைத்திருப்பவர்கள் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று பழுதைத் தள்ளிப்போடவே கூடாது.

மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் அனுமதியின்றிக் கட்டினாலும் இதே தண்டனைதான். சின்னங்களின் வாசலில் நிற்கும் நீலப் பலகைகளில் சிலவற்றில் இன்னும் மூன்று மாதச் சிறை, 5,000 ரூபாய் அபராதம் என்று பழைய வாசகம் இருக்கும். அது 2010-க்கு முந்தையது. அதை நம்பிக் கணக்குப் போடவேண்டாம். கண்டும் காணாமல் விட்ட அரசு அலுவலருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது.

எதற்காக இவ்வளவு தூரம்?

கோயில் மதிலைத் தொடாதபோது 80 மீட்டர் தள்ளி இருக்கும் வீட்டால் என்ன கெடுதல் என்ற கேள்வி நியாயமானது. பார்வையை மறைப்பது ஒரு காரணம். அது எல்லாருக்கும் புரியும். கண்ணுக்குத் தெரியாத காரணங்கள்தான் முக்கியம். ஆழமான அஸ்திவாரம் தோண்டும்போது மண் நகர்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை இறக்குகின்றன. கழிவுநீர் மண்ணில் ஊறி, உப்பாகக் கல்லில் ஏறுகிறது. காஞ்சி கைலாசநாதர் கோயில் பெரும்பாலும் மணற்கல்லால் ஆனது. அந்தக் கல் கருங்கல்போல் தாங்காது.

இன்னொன்று, மண்ணுக்கு அடியில் இருப்பது. மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில், 2004 சுனாமிக்குப் பிறகு நடந்த அகழாய்வில் மணலுக்கு அடியிலிருந்து ஒரு முருகன் கோயில் வெளிவந்தது. கருங்கல் அமைப்புக்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில் இருந்தது. அங்கே யாராவது விடுதி கட்டியிருந்தால் பொக்லைன் ஒரு மணி நேரத்தில் அதை அள்ளிக் கொட்டியிருக்கும். அஸ்திவாரம் தோண்டும்போது உங்கள் மனையில் சிலையோ காசோ கிடைத்தால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். அந்தச் சட்டத்தின் அளவுகோல் இன்னும் பத்து ரூபாய்தான்: கிடைத்த புதையலின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே தெரிவித்தாகவேண்டும்.

ஆக, வளையம் தேவைதான். குறை அது எல்லா இடத்திலும் ஒரே 100 மீட்டராக இருப்பதில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் 100 மீட்டர், தனியாக நிற்கும் ஒரு கல்லறைக்கும் 100 மீட்டர். இதைச் சரிசெய்யத்தான் 2010 திருத்தம், ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் சூழலுக்கு ஏற்பத் தனிப் பாரம்பரியத் துணைவிதிகள் எழுதச் சொன்னது. எந்தத் தெருவில் எவ்வளவு உயரம், முகப்பு எப்படி இருக்கலாம் என்று அவற்றில் தெளிவாக இருக்கும். ஆயிரக்கணக்கான சின்னங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வேலை முடியவில்லை. விதி எழுதவேண்டியவர்கள் எழுதாமல் இருக்க, ஒழுகும் வீட்டில் பாத்திரம் வைத்துக்கொண்டு காத்திருப்பது அங்கே குடியிருப்பவர்கள். நியாயமாகக் கேட்டால் பதில் தாமதமாகும் என்ற எண்ணம்தான் பலரை ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டவைக்கிறது. அதனால் சின்னமும் பாழாகிறது. சின்னத்தைக் காப்பாற்ற நினைக்கிற அரசு முதலில் முடிக்கவேண்டிய வேலை இந்தத் துணைவிதிகள்தான்.

அனுமதி எப்படி நகர்கிறது?

1. விண்ணப்பம், இந்த அனுமதிகளுக்கென்றே நியமிக்கப்பட்ட தகுதிவாய்ந்த அதிகாரிக்குப் போகும். ஆணையத்தின் இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். அதில் செயற்கைக்கோள் வரைபடத்தில் மனையைக் குறித்தால் சின்னத்திலிருந்து தூரம் தெரியும். உரிமைப் பத்திரம், வரைபடம், எல்லாப் பக்கமும் எடுத்த புகைப்படங்கள் தேவை.

2. அவர் 15 நாட்களுக்குள் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்பவேண்டும்.

3. ஆணையம் 2 மாதங்களுக்குள் பரிந்துரை தரவேண்டும்.

4. பரிந்துரை வந்த ஒரு மாதத்துக்குள் அதிகாரி முடிவைத் தெரிவிக்கவேண்டும்.

கிடைப்பது தடையின்மைச் சான்று மட்டுமே. மாநகராட்சி அல்லது நகராட்சியின் பிளான் அப்ரூவல் தனி. வரிசை மாறிப் போய் முதலில் அப்ரூவல் வாங்கிவிட்டாலும், தொல்லியல் அனுமதி இல்லாமல் அது உங்களைக் காப்பாற்றாது.

ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் உயர வரம்பு போடும்போது "அனைத்தும் உட்பட" என்று எழுதுவார்கள். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். 10 மீட்டர் என்று அனுமதி வந்தால் கைப்பிடிச் சுவர், மாடிப்படி அறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். பேஸ்மென்ட் 2 அடி, இரண்டு தளம் சேர்த்து 21 அடி, மாடிப்படி அறை 8 அடி, அதன் மேல் தொட்டி 5 அடி என்றால் 36 அடி. கிட்டத்தட்ட 11 மீட்டர். இரண்டே தளம் என்று நிம்மதியாக இருந்தவர் தொட்டியால் விதிமீறல் ஆகிவிடுவார். தொட்டியைக் கீழே இறக்க முடியுமா என்று வரைபடம் போடும்போதே பொறியாளரிடம் பேசிவிடவேண்டும்.

சென்னையில் கதை கொஞ்சம் வேறு

சென்னையில் ஏ.எஸ்.ஐ. சின்னங்கள் குறைவு, பட்டியலிடப்பட்ட பாரம்பரியக் கட்டடங்கள் அதிகம். அண்ணா சாலையில் 1897-இல் கட்டப்பட்ட பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை உரிமையாளர் 2006-இல் இடிக்கத் தொடங்க, பாரம்பரியப் பாதுகாப்புக்காகச் செயல்படும் இன்டாக் அமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. 2010-இல் வந்த தீர்ப்பு இடிப்பைத் தடுத்ததோடு, நகரத்துக்குப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைக்கவும் வழிசெய்தது. நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த 467 கட்டடங்களின் பட்டியல் அதற்கு அடிப்படையானது. அப்படிப்பட்ட கட்டடத்தை வாங்குகிறவர் இடிக்கவோ முகப்பை மாற்றவோ சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. வழியாக அந்தக் குழுவின் ஒப்புதல் பெறவேண்டும். இங்கே தூரம் கணக்கில்லை, கட்டடமே கணக்கு.

செட்டிநாட்டில் நிலைமை தலைகீழ். அங்குள்ள பெரும்பாலான வீடுகளுக்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லை. பர்மா தேக்குத் தூணும் செதுக்கிய நிலைக்கதவும் கழற்றப்பட்டு, காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் துண்டு துண்டாக விலைபோவதைப் பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். வாங்குகிறவருக்குத் தடை இல்லை என்பது வீட்டுக்கு நல்ல செய்தி இல்லை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

1. மனையின் சர்வே எண்ணையும் புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி எல்லாத் திசையிலும் 300 மீட்டர் வரை நடந்து பாருங்கள். நீலப் பலகை, கம்பி வேலி, எல்லைக்கல், எதையும் விடவேண்டாம்.

2. ஏ.எஸ்.ஐ. சென்னை வட்டம், திருச்சி வட்டம் இரண்டின் பட்டியலிலும், மாநிலத் தொல்லியல் துறைப் பட்டியலிலும் அந்த ஊரைத் தேடுங்கள்.

3. சந்தேகம் இருந்தால் தூரத்தை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

4. "100 மீட்டர் விதியை எடுக்கப்போறாங்க" என்று விலை ஏற்றினால் நம்பவேண்டாம். 2018-இல் மக்களவையில் நிறைவேறிய திருத்த மசோதாவே மத்திய அரசின் பொதுப்பணிகளுக்காக எழுதப்பட்டது. தனியார் வீட்டுக்கு அதில் எதுவும் இல்லை.

5. கோயில் அடிமனையா, அதாவது நிலம் கோயிலுக்குச் சொந்தமானதா என்று தனியாகப் பாருங்கள். அது அறநிலையத் துறை விவகாரம், பாரம்பரியத் தடையோடு சம்பந்தமில்லை; ஆனால் கோயில் தெருக்களில் இரண்டும் சேர்ந்தே வரும்.

6. விற்பனை ஒப்பந்தத்தில், நீங்கள் நினைக்கும் வேலைக்குத் தொல்லியல் அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். விற்கிறவர் தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்.

7. தடைப் பகுதியில் வாங்கியே ஆகவேண்டும் என்றால், கட்டடம் 1992-க்கு முன்பே இருந்ததைக் காட்டும் காகிதங்களை விற்கிறவரிடமிருந்தே வாங்கிக்கொள்ளுங்கள்: பழைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, கட்டடம் விவரிக்கப்பட்ட மூலப் பத்திரம். கிரையம் முடிந்த பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். கையோடு வீட்டின் ஒவ்வொரு சுவரையும் கூரையையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். மழை தொடங்குவதற்கு நாலு மாதம் முன்பே, அதாவது ஆனி மாதம் பிறப்பதற்குள், பழுதுபார்ப்பு விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.